சிட்டிபாபு என்கிற விஞ்ஞானி

அத்தியாயம் 14

மூன்று.

வேலாயுதம் சார் மேசைமேல் நகர்த்திய தாளில், சுகாசினியின் பெயருக்கு நேராக அந்த எண் இருந்தது. அதைச் சுற்றிச் சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம். வட்டத்துக்கு வெளியே, 'தேவை: எட்டு' என்று எழுதியிருந்தது.

இணைப் பேராசிரியர் பதவி ஒன்றுதான் காலியாக இருந்தது. போன வாரம் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டுச் செவிலிமேட்டு வீட்டுக்குத் திரும்பியவளிடம், "கெடச்சிடும் பாரு" என்று கணவன் வசந்த் சொன்னான். சொல்லும்போது குழந்தையின் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தான். ஒரே பொத்தானை இரண்டு முறை கழற்றி மாட்டினான். அப்போது அது அவளுக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

"இன்னிக்கு நாலு மணிக்கு லிஸ்ட் மேல போகுதும்மா" என்றார் வேலாயுதம். இயற்பியல் துறைக்கு அவர் தலைவராக வந்து ஒரு வருஷம்தான் ஆகிறது. "எச்-இண்டெக்ஸ் மூணு. நான் இன்னா பண்ண முடியும்? சைட்ல காட்டுறதத்தான் எழுத முடியும்."

எச்-இண்டெக்ஸ் என்றால் பெரிய சூத்திரம் எல்லாம் இல்லை. ஒருவர் எழுதிய கட்டுரைகளில் எட்டுக் கட்டுரைகளாவது, ஒவ்வொன்றும் எட்டுப் பேராலாவது தங்கள் கட்டுரைகளில் எடுத்துக்காட்டப்பட்டிருந்தால், அவருடைய எண் எட்டு. ஒரு விஞ்ஞானியின் வார்த்தை உலகத்தில் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்பதை இப்போதெல்லாம் இதை வைத்துத்தான் அளக்கிறார்கள். வேலாயுதத்தின் எண் பத்தொன்பது. மாணவர்களின் கட்டுரை ஒவ்வொன்றிலும் கடைசிப் பெயராக ஏறி உட்கார்ந்து சேர்த்தது.

"சார், நான் இருபத்திநாலு கட்டுரை எழுதியிருக்கேன். இதுல அஞ்சுதான் காட்டுது. மத்ததெல்லாம் வேற பேர்ல இருக்குது. சிட்டிபாபுன்னு போட்டுப் பாருங்க."

அவர் தட்டினார். பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரைக்கு அருகில் குனிந்தார்.

"அட! பன்னெண்டு! அறுநூத்தி நாப்பது சைட்டேஷன்! யாரும்மா இந்த ஆளு? இத்தாலிக்காரன், ஜப்பான்காரன்லாம் இவரத்தான் எடுத்துப் போட்டுக்கினு இருக்கான். உங்க கைடா?"

"எங்கப்பா சார்."

"அப்பாவும் பிசிக்ஸா? சொல்லவே இல்லியே நீங்க. எந்த யுனிவர்சிட்டி?"

"ஓரிக்கை டிப்போ சார். பஸ்ஸுக்கு வயரிங் பாக்கறாரு."

தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த கலையரசி மேடம் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார்.

பெங்களூரில் ஆராய்ச்சி செய்த நாட்களில், முதல் கட்டுரையை அனுப்பியபோது பத்திரிகையின் படிவம் குடும்பப் பெயரைக் கேட்டது. காஞ்சிபுரத்தில் யாருக்கு அது இருக்கிறது? இனிஷியல்தான் உண்டு. சி. சுகாசினி. அந்தச் 'சி'யை விரித்து எழுதினாள். அன்றையிலிருந்து கடல் தாண்டிய ஊர்களில் அவளுக்குப் பெயர் சிட்டிபாபு. அவள் எழுதியதோ சொந்த ஊரான தாமலின் ஏரியைப் பற்றி. ஏரி வற்றும்போது சேறு எப்படி வெடிக்கிறது, முதல் கோடு எங்கே விழும், அடுத்த கோடு ஏன் அதை செங்குத்தாகப் போய் முட்டுகிறது என்பதைப் பற்றி. அதை வைத்துப் பழைய ஓவியங்களின் வண்ணப்பூச்சு விரிசலைக் கணக்கிடுகிறார்கள். காங்கிரீட்டைச் சோதிக்கிறார்கள். 'சிட்டிபாபு முறை' என்றே ஒருவர் எழுதியிருக்கிறார்.

கல்யாணத்துக்குப் பிறகு அவள் சுகாசினி வசந்த் ஆனாள். முசரவாக்கத்து மாமனார் கோதண்டபாணி வீட்டுக்குள் சேர்த்துக்கொள்ளப் போட்ட நிபந்தனைகளில் அது ஒன்று. ஆதார் மாறியது, வங்கிக் கணக்கு மாறியது. இந்தக் கல்லூரியில் சேர்ந்ததும் அந்தப் பெயரில்தான். அதற்குப் பிறகு எழுதிய ஐந்து கட்டுரைகளிலும் 'வசந்த், எஸ்.' என்று விழுந்தது.

"அப்போ ரெண்டும் ஒரே ஆளுன்னு சைட்டுக்கு எழுதிப் போட்டிருக்கணுமில்ல? ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே எல்லாரையும் கட்டுரை எழுதறவங்களுக்கான ஆதர் ஐடி எடுக்கச் சொன்னாங்களாமே?"

"எனக்கு அப்போ பாப்பா பொறந்து இருபது நாள் சார். வீட்ல அவருதான் எடுத்துக் குடுத்தாரு."

"நாலு மணி வரைக்கும் டைம். ஏதாவது அத்தாட்சி கொண்டாங்க. இல்லன்னா மூணுதான் போகும்."

ஆய்வகத்துக்கு வந்து கணினியைத் திறந்தாள். கலையரசி பின்னாலேயே வந்தார்.

"நீ ஏமாந்தவடி. நம்ம டிப்பார்ட்மெண்ட்ல இருக்கறவங்கள்லாம் கல்யாணத்துக்கு வரிசைத் தட்டு வெக்கிற மாதிரி ஒருத்தர ஒருத்தர் எடுத்துப் போட்டுக்கினு இருக்காங்க. உன் தட்டு மட்டும் ஜப்பான்ல இருக்குது, அதுவும் உங்கப்பா பேர்ல."

சுகாசினிக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டுரைத் தளத்தின் உள்ளே நுழைய ஓடிபி கேட்டது. அது வசந்தின் கைப்பேசிக்குத்தான் போகும். ஒரகடத்தில் கம்பெனியில் இருந்தவனை அழைத்தாள்.

"ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லு."

"எதுக்கு?"

"ஆதர் ஐடிக்கு. என் கட்டுரைய எல்லாம் ஒண்ணா சேக்கணும்."

அந்தப் பக்கம் ஏதோ இயந்திரம் ஓடும் சத்தம் கேட்டது.

"வசந்த்?"

"சாயந்திரம் வந்து நானே பாக்கறேன் சுகா. நீ ஒண்ணும் தொடாத."

"நாலு மணிக்கு லிஸ்ட் போகுது. ஆறு நம்பர். படிச்சா முடிஞ்சிது."

"இல்ல, அதுல கொஞ்சம்... நான் பர்மிஷன் போட்டுட்டு வந்துடறேனே."

"வா. இப்ப நம்பரச் சொல்லு."

சொன்னான். ஒவ்வொரு எண்ணையும் யாரோ அவனிடமிருந்து பிடுங்குவது போலச் சொன்னான்.

பக்கம் திறந்தது. அவளுடைய ஐந்து கட்டுரைகள் இருந்தன. கீழே 'முந்தைய பதில்கள்' என்று ஒரு வரி. அதை அவள் இதுவரை பார்த்ததில்லை. அழுத்தினாள்.

சிட்டிபாபு, எஸ். என்ற பெயரில் உள்ள பத்தொன்பது கட்டுரைகளும் உங்களுடையவையா என்று தளம் கேட்டிருந்தது. பதில்: இல்லை, இவை என்னுடையவை அல்ல. தேதி இரண்டு வருஷத்துக்கு முந்தையது.

அதற்குக் கீழே அதே கேள்வி. அதே பதில். தேதி, எட்டு மாதத்துக்கு முந்தையது.

அவள் அதை மூன்று தரம் படித்தாள். பத்தொன்பது கட்டுரைகளின் தலைப்புகளும் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் சின்னச் சிவப்புக் குறுக்குக்கோடு. வெயிலில் வெடித்த சேற்றின்மேல் மண்டியிட்டு, கால் வழுக்கி விழுந்து, எழுந்து மறுபடி அளந்த ஆறு கோடைகாலங்கள் அங்கே வரிசை கட்டி நின்றன. யாரோ ஒருவர் வந்து, இந்தப் பிள்ளைகளை எனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"யாரு போட்டது இது?" என்றார் கலையரசி, குரலைத் தாழ்த்தி.

சுகாசினி கைப்பேசியை எடுத்து அப்பாவை அழைத்தாள்.

"அப்பா, எங்க ரிஜிஸ்டர் கல்யாணச் சர்ட்டிபிகேட் உன்னாண்டதான இருக்குது? எடுத்துக்கினு காலேஜுக்கு வா. அவசரம்."

"இன்னாமா, சண்டையா?" என்றார் சிட்டிபாபு பதறி.

"பேரு மாத்தறதுக்குப்பா. வா."

*

பன்னிரண்டரை மணிக்கு வசந்த் வந்தான். வண்டி ஸ்டாண்டில் தகரக் கூரையின் கீழ் அவள் காத்திருந்தாள். அவன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றான்.

"அதக் கழட்டு. உன் மூஞ்சியப் பாக்கணும்."

கழற்றினான். நெற்றியில் வியர்வை வழிந்தது.

"ரெண்டு வாட்டி, வசந்த். ரெண்டு வாட்டி கேட்டிருக்கான்."

"சுகா, நான் சொல்றதக் கேளு. அந்த ஐடி காலேஜ் வெப்சைட்ல வரும். உன் பேர அமுத்தினா சிட்டிபாபுன்னு பெருசா வரும். அப்போதான் தங்கச்சி பிரியாவுக்கு நிச்சயம் பேசிக்கினு இருந்தாங்க. மாப்பிள்ளை வீட்ல எல்லாத்தையும் நெட்ல தேடுவாங்க. அப்பா அவங்ககிட்ட நீ வேலூர் பக்கம்னு சொல்லி வச்சிருந்தாரு."

"வேலூரா?"

"ம்."

"நான் என்னிக்கு வேலூரானேன்?"

அவன் ஹெல்மெட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினான்.

"தாமல்னு சொன்னா எந்தத் தெருன்னு கேப்பாங்க. அதான? முசரவாக்கத்துக்கும் தாமலுக்கும் எவ்ளோ தூரம்? சிட்டிபாபுன்னா யாருன்னு ஒரு டீக்கடைல கேட்டாப் போதும், சொல்லிடுவாங்க. அதான் வேலூரு."

"பிரியா கல்யாணம் நின்னுடுமோன்னு பயந்தாங்க. முடிஞ்சதும் மாத்திடலாம்னுதான் நெனச்சேன். சத்தியமா."

"முடிஞ்சிது. அவளுக்குக் குழந்தையே பொறந்தாச்சு. தொட்டில் போட்டப்போ நான் போய்ப் பாட்டு வேற பாடினேன். எட்டு மாசத்துக்கு முன்னாடி எவன் நெட்ல தேடினான்?"

"மொதல்ல இல்லன்னு போட்டுட்டு, அப்புறம் ஆமான்னு போட்டா சைட்காரன் சந்தேகப்படுவானேன்னு... அப்படியே அமுத்திட்டேன்."

சுகாசினி அவனையே பார்த்தாள். காதலித்த நாட்களில் இதே ஆள், உங்க வீட்டுல சாப்பாடு போடுவீங்களா என்று கேட்டு, தாமலுக்கு வந்து அம்மா கையால் கருவாட்டுக் குழம்பு வாங்கிச் சாப்பிட்டவன். அன்றைக்கு அவன் யாருக்கும் பயப்படாத ஆளாகத் தெரிந்தான். அந்த ஆளைத் தேடிப் பார்ப்பது போல அவள் அவன் முகத்தைப் பார்த்தாள்.

"உன்னையா கேட்டான்? என்னைக் கேட்டான். நான் படுத்துக் கெடந்தப்போ, என் பேர்ல உக்காந்துக்கினு, எங்கப்பன் இல்லன்னு நீ சொல்லியிருக்க. என் மூணுக்கு அர்த்தம் அதான். இந்த ஊர்ல உங்கப்பாவுக்கு வெக்கமா இருக்குதுன்னு, நான் உலகத்துல யாருமே இல்லாதவளா ஆயிட்டேன்."

"கத்தாத. ஸ்டூடண்ட்ஸ் பாக்கறாங்க."

"பாக்கட்டும்! இன்னும் யாரு யாருக்குத் தெரியாம வாழணும் நானு?"

வண்டி எடுக்க வந்த இரண்டு மாணவிகள், எடுக்காமலே திரும்பிப் போனார்கள்.

*

சிட்டிபாபு இரண்டு மணிக்கு மொபெட்டில் வந்தார். பணிமனையின் காக்கிச் சட்டையோடு, லேமினேட் செய்த சான்றிதழைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு. வசந்தைப் பார்த்ததும் இரண்டு அடி தள்ளி நின்றே கும்பிட்டார்.

"வாங்க தம்பி. நல்லா இருக்கீங்களா? வீட்ல அப்பா அம்மா சௌக்கியங்களா?"

ஐந்து வருஷத்தில் ஒரு நாளும் அவர் அவனை மாப்பிள்ளை என்று கூப்பிட்டதில்லை. கூப்பிடலாம் என்று யாரும் அவரிடம் சொன்னதும் இல்லை.

மூவரும் துறைத் தலைவர் அறைக்குப் போனார்கள். வேலாயுதம் எழுந்து நின்றுவிட்டார்.

"நீங்கதானா அந்தச் சிட்டிபாபு! உக்காருங்க, உக்காருங்க. உங்களுக்குத் தெரியுமா, உங்க பேரு ஜப்பான்ல பேமஸ்."

"என் பேரா?" சிட்டிபாபு நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். "நம்மளுக்கு வாலாஜா தாண்டினாலே ஆளு தெரியாதுங்களே."

வேலாயுதம் திரையைத் திருப்பிக் காட்டினார். சிட்டிபாபு சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினார். ஆங்கில எழுத்துகளை ஒன்றொன்றாகக் கூட்டிப் படித்தார். அவர் பெயர் வரிக்கு வரி வந்தது. ஒவ்வொரு முறையும் விரலால் தொட்டார்.

"இதெல்லாம் நம்ம ஏரியப் பத்தியாமா?"

"ஆமாப்பா."

"எல்லாத்துலயும் என் பேர போட்டிருக்கியே, திட்ட மாட்டாங்களா?" என்று சொல்லிவிட்டு, தன் கேள்விக்குத் தானே சிரித்தார். முகம் முழுக்க, காது வரைக்கும் சிரித்தார்.

"ஆனா மொதல்ல இதச் சரி பண்ணணும்" என்று வேலாயுதம் அடுத்த பக்கத்துக்குப் போனார். "இவை என்னுடையவை அல்லன்னு ரெண்டு தடவ பதில் போயிருக்குது. யாரு போட்டது? நீங்களாம்மா?"

சிட்டிபாபுவின் விரல் திரையிலேயே நின்றது. மகளைப் பார்த்தார்.

"நீயாமா சொன்ன, இல்லன்னு?"

ஆமாம் தெரியாமல் அமுத்திவிட்டேன் என்று சொல்லிவிட அவளுக்கு ஒரு நொடி போதும். ஐந்து வருஷமாக இப்படிப்பட்ட நொடிகளில் அப்படி ஒரு பொய்யைத்தான் அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். மாமியாருக்குக் காய்ச்சல் என்று, கார் கிடைக்கவில்லை என்று, கல்யாணப் பத்திரிகை தபாலில் தொலைந்துவிட்டது என்று.

இன்றைக்கு வாயைத் திறக்கவில்லை.

"நான்தான்" என்றான் வசந்த். சுவரைப் பார்த்துச் சொன்னான்.

சிட்டிபாபு கண்ணாடியைக் கழற்றினார். மடித்தார். பையில் வைக்கப்போய், பை எங்கே இருக்கிறது என்று தெரியாதவர் போல இரண்டு முறை தடவினார். எதற்கு என்று கேட்கவில்லை. அவருக்குத் தெரியாத காரணம் இல்லை அது.

வேலாயுதம் தொண்டையைக் கனைத்தார். அவள் பெயரோடு அப்பா, கணவன் பெயர்களும் இருந்த சான்றிதழை ஸ்கேன் செய்து தளத்தில் ஏற்றச் சொன்னார். ஏற்றியதும், இனி எந்தப் பெயரில் எல்லாக் கட்டுரைகளும் தெரிய வேண்டும் என்று தளம் கேட்டது. இரண்டு பெயர்கள். பக்கத்தில் இரண்டு வட்டங்கள்.

"வசந்த்னே போட்டுடுங்கம்மா. ஆபீஸ் ரெக்கார்டும் அதான். ரெண்டும் பொருந்தும். சேத்தா பதிமூணு வருது, நான் பதிமூணுன்னு எழுதி அனுப்பிடறேன்."

"சிட்டிபாபுன்னு போட்டா?"

"பேரு பொருந்தலன்னு நான் குறிப்பு எழுதியாகணும். மேல இருக்கறவங்க ஒரு அப்ளிகேஷன ஒதுக்கறதுக்கு அது போதும். அடுத்த போஸ்ட் எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்?"

மணி மூன்று இருபது.

"அவரு சொல்றதப் போடும்மா" என்றார் சிட்டிபாபு மெதுவாக. "உத்தியோகம்தான் முக்கியம். என் பேருக்கு இன்னா, டிப்போ ரிஜிஸ்டர்ல இருக்குது. அது போதும்."

"எத்தினி வாட்டிப்பா?"

"இன்னா?"

"எத்தினி வாட்டி விட்டுக் குடுப்ப? பிரியா நிச்சயத்துக்கு உன்னக் கூப்பிடல. பரவால்லன்ன. பாப்பாவுக்குப் பேரு வச்சப்போ வாசல்லயே தட்ட வாங்கிக்கினு அனுப்பிட்டாங்க. பரவால்லன்ன. நீ பரவால்லன்னு சொல்லிச் சொல்லித்தான் இவங்களுக்கு அமுத்தறதுக்கு ஒரு பட்டன் கெடச்சிது!"

அப்பாவிடம் அவள் இப்படிக் கத்தியதே இல்லை. கத்தி முடித்ததும் மவுஸைப் பிடித்தாள்.

"சுகா, யோசிச்சு..." என்று வசந்த் ஆரம்பித்தான்.

சிட்டிபாபு என்ற பெயரின் பக்கத்து வட்டத்தை அழுத்தினாள். உறுதிதானா என்று தளம் கேட்டது. அதையும் அழுத்தினாள்.

வேலாயுதம் தாளைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு மூன்றை அடித்துவிட்டுப் பதிமூன்று என்று எழுதினார். அதன் கீழே, சிவப்பு மையில், 'பணிப் பதிவேட்டுப் பெயருடன் பொருந்தவில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டார். அந்த ஒரு வரி அவளுடைய ஆறு வருஷத்தையும் வாசலிலேயே நிறுத்திவிடலாம். அது அவளுக்கும் தெரியும். நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பியூன் பழனி வந்து விண்ணப்பக் கட்டை எடுத்துக்கொண்டு போனார்.

*

வெளியே வந்தார்கள். வசந்த் வண்டிச் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றான்.

"வீட்டுக்குப் போலாமா?"

பெரியவர்கள் முன்னால் அவள் அவனை எப்போதும் 'நீங்க' என்றுதான் பேசுவாள். இன்று அப்பா பக்கத்தில் நின்றார்.

"நீ முசரவாக்கம் போ" என்றாள்.

"எதுக்கு?"

"உங்கப்பாகிட்ட போய்ச் சொல்லு. சம்பந்தி பேரு சிட்டிபாபு, ஊரு தாமல், என் பொண்டாட்டி உலகத்துக்கே அந்தப் பேர்லதான் தெரியறா, அத நான் ரெண்டு வாட்டி இல்லன்னு சொன்னேன்னு சொல்லு. பிரியா வீட்டுக்காரரும் இருந்தா, அவருக்கும் கேக்கற மாதிரி சொல்லு. சொல்லிட்டு வா."

"சுகா, அப்பாவுக்குப் பிரஷர்..."

"சொல்லாம வராத."

அவன் சிட்டிபாபுவைப் பார்த்தான். இந்த மாதிரி நேரங்களில் அவர்தான் குறுக்கே வந்து, போகட்டும் தம்பி, சின்னப் பொண்ணு, கோவத்துல பேசுது என்று சமாளிப்பார். அந்த வார்த்தைக்காக அவன் காத்திருந்தது நன்றாகவே தெரிந்தது.

சிட்டிபாபு மொபெட்டை ஸ்டாண்டிலிருந்து இறக்கினார். ஏறி உட்கார்ந்தார்.

"ஏறும்மா" என்றார் மகளிடம். வசந்திடம் போய்வருகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

சாலையில் வந்தவாசி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது. அது போனபிறகுதான் பின்னால் வசந்தின் வண்டி உதைபடும் சத்தம் அவளுக்குக் கேட்டது. கல்லூரி வாசலில் வலது பக்கம் திரும்பினால் செவிலிமேட்டு வீடு. இடது பக்கம் போனால் ஊருக்குள் நுழைந்து முசரவாக்கம்.

மொபெட்டில் ஏறிக்கொண்ட அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அப்பாவின் கண்கள் மட்டும் மொபெட்டின் கண்ணாடியில் நெடுநேரம் நிலைத்திருந்தன.

"எந்தப் பக்கம்பா போறான்?" என்று கேட்டாள்.

"நின்னுக்கினுதான் இருக்குறான்" என்றார் சிட்டிபாபு.